அரசி எழுந்திருக்கவில்லை

சூஃப்ரியேர், செயின்ட் லூசியா
5 செப்டம்பர் 1991

அன்புள்ள அம்புரோஸ்,

நான் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

எனக்குப் பக்கவாதம் வரவில்லை. மயக்கமும் வரவில்லை. ரோஜாத் திருநாளன்று விடுதிப் புல்வெளியில், அரசி வேடத்தில், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு இதற்குள் பிரிட்ஜ்டவுனுக்கும் வந்திருக்கும். திருத்திக்கொள். என்னால் எழுந்திருக்க முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

நீ ஊரை விட்டுப் போனபிறகு, உங்கள் கம்பெனி நடத்துகிற இந்த விடுதி நம் ரோஜாச் சங்கத்தின் திருநாளைத் தன் விளம்பரப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டது. முன்பு பூசை முடிந்ததும் ஊர்வலம் சந்தைத் திடலுக்குப் போகும். இப்போது விடுதிப் புல்வெளிக்குப் போகிறது. ராஜா, சிப்பாய், போலீஸ், செவிலி என்று அரசவை வேடம் கட்டிப் பாடுகிறவர்களில் பாதிப்பேர் அங்கே அறை கூட்டுகிறவர்களும் தட்டு எடுக்கிறவர்களும்தான். பாடி முடித்ததும் வேடத்தைக் கழற்றிவிட்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு, அதே விருந்தாளிகளுக்குச் சாப்பாடு பரிமாற வேண்டும். பாட்டுக்குக் கூலி கிடையாது. சம்பளத்தை உயர்த்தச் சொல்லி மூன்று ஆண்டாக மனுக் கொடுக்கிறார்கள். இதற்குள் ஓர் இரவு அறை வாடகை ஒருவருடைய மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. மனுவுக்குப் பதில் வரவில்லை.

திருநாளுக்கு முந்தைய வாரம் வெரீனா இப்போலித் வந்தாள். விடுதியில் சலவை அறையில் வேலை செய்கிறாள். நம் சங்கத்தில் அவள்தான் நீதிபதி.

"மதாம், இந்தத் தடவை நாற்காலில கொஞ்ச நேரம் கூடுதலா உட்காருவீங்களா?"

"எவ்வளவு நேரம்?"

"அவங்க பேசறேன்னு சொல்ற வரைக்கும்."

அரசி எழுந்திருக்கும்வரை அரசவையில் யாரும் இடம் பெயரக் கூடாது, வேறு ஒருவருக்குச் சேவகம் செய்யக் கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். உனக்குத் தெரிந்ததுதான். விடுதி மேலாளர் பெக்வித் அதை ஒலிபெருக்கியில் விருந்தாளிகளுக்குத் தாமே படித்துக் காட்டினார். "இன்றிரவு இந்தத் தீவின் சட்டம் இதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்தேன்.

பாட்டெல்லாம் தீர்ந்தபின் அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மதாம், சூப் ஆறிக்கிட்டிருக்கு."

"ஆறட்டும்."

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"எனக்கு ஒன்னும் வேணாம். இந்தச் சிப்பாய்ங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க."

"அது ஆபீஸ்ல பேசற விஷயம்."

"ஆபீஸ்ல மூணு வருஷமா நிக்கிறாங்க. அதான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன்."

அவர் தொலைபேசி அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபின் என் பக்கமே பார்க்கவில்லை. ராஜா வேடம் கட்டிய அல்சீட் கிரீடத்தோடு தூங்கிவிட்டார். விருந்தாளிகள் சமையலறைக்குள் புகுந்து ரொட்டி எடுத்துக்கொண்டார்கள். பருத்த மனிதர் ஒருவர் சூப் அண்டாவைத் தாமே தூக்கி வந்தார். அவருக்கு ரொம்ப மகிழ்ச்சி. விருந்தாளிகள் எல்லோரும் போனதும் நானாக எழுந்தேன். என் கைத்தடியைக்கூட யாரும் எடுத்துத் தரவில்லை.

மறுநாள் காலை, வேலை செய்ய மறுத்ததாகப் பதினான்கு பேரை நிறுத்திவைத்துவிட்டார்கள். வெரீனாவும் அதில் ஒருத்தி. தலைமை அலுவலகத்தில் பணியாளர் பிரிவு உன்னிடம்தானே இருக்கிறது? என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தாய்,
யூலாலி ஃபெலீசியன்


பிரிட்ஜ்டவுன், பார்படோஸ்
16 செப்டம்பர் 1991

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திருநாளன்று காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? பூசைக்கு முன் எதுவும் சாப்பிட மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அப்புறம் அந்த வெயிலில் ஊர்வலம். நாற்காலியில் இருந்தபோது கால் மரத்துப்போனதா? கண் இருட்டியதா? இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போடுகிறீர்களா? சில சமயம் உடம்பில் ஏதாவது நடக்கும்போது நமக்கே தெரியாதாம். என் நண்பர் ஒருவரின் தந்தைக்கு அப்படித்தான் ஆனது. அவரும் கடைசிவரை நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்.

அலுவலகத்தில் எல்லோரும் உங்களைப் பற்றி அக்கறையோடு விசாரிக்கிறார்கள். கம்பெனித் தலைவரே, "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

பிஸ்கட் டப்பா ஒன்று அனுப்பியிருக்கிறேன். மாடிப்படி ஏறாதீர்கள். நன்றாகத் தூங்குங்கள்.

அன்பு மகன்,
அம்புரோஸ்


சூஃப்ரியேர்
24 செப்டம்பர் 1991

அன்புள்ள அம்புரோஸ்,

நான் நலம் என்று இனி ஒரு வரியில் எழுதினால் நீ நம்பப் போவதில்லை, விவரமாக எழுதுகிறேன். திருநாளன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, வேகவைத்த வாழைக்காயும் உப்புக் கருவாடும் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டேன். கோகோவும் குடித்தேன். கால் மரக்கவில்லை. கண் இருட்டவில்லை. மாத்திரை போடுகிறேன். மாடிப்படி என்று நீ சொல்வது பின்கட்டில் இருக்கிற மூன்று படிகள்.

என் உடம்பைப் பற்றி இத்தனை கேள்விகள் கேட்டிருக்கிறாய். அந்தப் பதினான்கு பேரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நீ கேட்காததால் நானே சொல்கிறேன். வெரீனா ஆற்றங்கரையில் பிறர் துணி துவைக்கிறாள். மேசைப் பணியாளன் ஜோசபத், சிப்பாய் வேடம் கட்டுகிறவன், தன் படகு எஞ்சினை விற்றுவிட்டான். விடுதி வாசலில் தினமும் நின்று விருந்தாளிகளிடம் துண்டுக் காகிதம் கொடுக்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான். கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் இப்போதுதான் ஒரு வேலைக்கு உதவியிருக்கிறது.

பிஸ்கட் வந்தது. வாசலில் நிற்கிறவர்கள் தின்றார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தலைவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு உடல்நலமில்லை என்று அவரிடம் சொன்னது யார்?

மருமகளின் இருமல் தேவலையா?

உன் தாய்,
யூலாலி ஃபெலீசியன்


பிரிட்ஜ்டவுன்
3 அக்டோபர் 1991

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். அவளுடைய இருமல் போய்விட்டது. நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தப் பதினான்கு பேரைப் பற்றி நான் யோசிக்காத நாளில்லை அம்மா. ஒரு வழி இருக்கிறது. அன்று உங்களுக்குச் சற்றே தலைசுற்றல் வந்திருந்தால், எழுந்திருக்க முடியாமல் போயிருந்தால், அவர்கள் யாரும் வேலை செய்ய மறுத்ததாக ஆகாது. வயதான ஒரு பெண்மணியை அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். மறுநாளே எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். சம்பள விஷயம் அப்புறம், நிதானமாக.

கம்பெனி டாக்டர் அடுத்த வாரம் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வருவார். இரண்டே வரி. கீழே உங்கள் கையெழுத்து.

உங்களை மதிப்புக் குறைவாக நடத்துவதாக நினைக்காதீர்கள். வெரீனாவின் பிள்ளைகளை நினையுங்கள். குளிர்காற்றில் உட்காராதீர்கள்.

அன்பு மகன்,
அம்புரோஸ்


சூஃப்ரியேர்
9 அக்டோபர் 1991

அன்புள்ள அம்புரோஸ்,

நலம். டாக்டர் வந்தார். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, தம்முடையதைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார். காகிதத்தை வைத்துவிட்டுப் போனார்.

கையெழுத்து என்னுடையது, பிழைப்பு அவர்களுடையது. ஆகவே அவர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். என் சமையலறையில் பதினான்கு பேருக்கு நாற்காலி ஏது? சுவரோரம் நின்றார்கள்.

"மதாம், கொஞ்சூண்டு நோய்தானே?" என்றான் ஜோசபத். "ஒரு தலைசுத்தல். உலகத்துல யாருக்குத்தான் தலை சுத்தல?"

"உனக்கு ரம் உள்ள போனாத் தினமும் சுத்தும்" என்றாள் வெரீனா. "உன்கிட்டயா கையெழுத்துக் கேட்டாங்க?"

"பிள்ளைங்க சாப்பிடணும் வெரீனா."

"என் பிள்ளைங்க மட்டும் காத்தையா குடிக்குது? நான் நின்னது சம்பளத்துக்கு. கிழவிக்கு மயக்கம்னு ஒன்னும் நிக்கல. ஐயோ, மன்னிச்சுக்கோங்க மதாம்."

கிழவி என்றதில் தவறில்லை, மயக்கம் என்பதுதான் தவறு என்று அவளிடம் சொன்னேன்.

"இதுல கையெழுத்தானா, அடுத்த வருஷம் மனுக் கொடுக்கும்போது என்ன சொல்லுவாங்க தெரியுமா?" என்று அவள் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். "போன தடவை கிழவிக்கு மயக்கம், இந்தத் தடவை யாருக்குன்னு கேப்பாங்க."

ஜோசபத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பசியில் இருக்கிறவனைப் பார்த்து, பொய்யில் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்வது எனக்கு எளிது. எனக்கு உன் தந்தையின் ஓய்வூதியம் வருகிறது. ஆகவே உனக்கு இந்த வாக்கைத் தருகிறேன்: பதினெட்டாம் தேதியன்றும் உங்களுக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டால், கையெழுத்திடுகிறேன். அதுவரை காரணம் கேட்காதே.

நேற்று மாலை மீன்சந்தைத் தெருப்பக்கம் நடந்துவிட்டு வந்தேன். அந்தத் தெருவுக்குப் போய் வெகுநாளாகியிருந்தது. நடை உடம்புக்கு நல்லதுதானே?

உன் தாய்,
யூலாலி ஃபெலீசியன்


பிரிட்ஜ்டவுன்
13 அக்டோபர் 1991

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நடப்பது நல்ல செய்தி. இங்கே சுகம். உங்கள் வாக்கைப் படித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்தக் காகிதம் தேவைப்படாமல் எங்கே போகும் அம்மா? பதினெட்டாம் தேதியே கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.

பதினேழாம் தேதி நம் போட்டிச் சங்கமான வாடாமல்லிச் சங்கத்தின் திருநாள் வழக்கம்போல விடுதியில் நடக்கும். தலைவரே தம் விருந்தினர்களோடு வருகிறார். அவர்களுடைய அரசி லியோன்டின் அம்மாளைப் பற்றிக் கவலையே இல்லை என்கிறார் பெக்வித். உங்களோடு இருபது ஆண்டாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர், நீங்கள் கிழக்கே போனால் அவர் மேற்கே போவார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மகன்,
அம்புரோஸ்


சூஃப்ரியேர்
18 அக்டோபர் 1991

அன்புள்ள அம்புரோஸ்,

நலம். உங்கள் தலைவர் நலமாக ஊர் திரும்பினாரா? சாப்பிடாமல் போனார் என்று கேள்விப்பட்டேன்.

நேற்று நானும் புல்வெளியில் இருந்தேன். ரோஜா நிறத்தில் உடுத்திக்கொண்டு வாடாமல்லித் திருநாளுக்கு வந்ததற்காக அவர்களுடைய வேடப் போலீஸ் என்னைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தியது. அபராதம் விதித்தார்கள். கட்டினேன். பிறகு ஊர் முழுக்கப் பார்த்திருக்க, லியோன்டினின் நாற்காலிக்கு முன்னால் போய் முழங்கால் மடக்கி வணங்கினேன். இரு சங்கத்திலும் அப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை. அன்று மீன்சந்தைத் தெருவில் உதவி கேட்டுப் போனபோது லியோன்டின் பதிலுக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள்.

"முட்டி இவ்வளவுதான் மடங்கும்."

"சரி, போதும். போய் உட்காரு. இனிமே என் வேலை."

பாட்டு முடிந்தும் லியோன்டின் எழுந்திருக்கவில்லை. விடுதிப் பணியாளர்களில் மறுபாதி, ரோஜாத் திருநாளன்று விடுதிப் பக்கமே வராத பாதி, வாடாமல்லிச் சங்கத்தார் என்பது பெக்வித்துக்குத் தெரியும். அது இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் நினைவுக்கு வந்தது. தலைவர் தாமே எழுந்துபோய், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று லியோன்டினிடம் விசாரித்தார்.

"எனக்கா?" என்றாள். அவள் குரல் உனக்குத் தெரியும்; மீன் விற்ற குரல். "காலையிலதான் ஒரு முழுச் சூரை மீனைத் தலையில வச்சுக்கிட்டு மேடு ஏறி வந்தேன். வேணும்னா உங்களையும் ஒரு தடவை தூக்கிக் காட்டட்டுமா ஐயா?"

விருந்தாளிகளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் துண்டுக் காகிதத்தை ஒருவர் உரக்கப் படித்தார். மேசையில் ஆளாளுக்குத் தலைவரைப் பார்த்தார்கள்.

காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்திடவில்லை. இனி தேவை என்றால் இரண்டு வேண்டியிருக்கும். லியோன்டின் கையெழுத்திடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம். காலை ஈரமாக வைத்துக்கொள்ளாதே.

உன் தாய்,
யூலாலி ஃபெலீசியன்


சூஃப்ரியேர்
15 நவம்பர் 1991

அன்புள்ள அம்புரோஸ்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். தபால்காரனைக் கேட்டேன், கப்பல், விமானம் எல்லாம் ஒழுங்காக வருகிறதாம்.

பதினான்கு பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் ஐந்தாம் தேதி சம்பளம் பற்றிப் பேச கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. வெரீனா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி வளைந்தது. ஆனால் வேலைக்குத் திரும்பியவர்களிடம் கொடுத்த காகிதத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: "ஆகஸ்ட் 30 அன்று முதியவர் ஒருவருக்கு ஏற்பட்ட திடீர் உடல்நலக் குறைவால் உண்டான குழப்பத்தை முன்னிட்டு, கம்பெனி இவர்களை மன்னிக்கிறது." பேச்சுவார்த்தைக்கான குறிப்பிலும் அதே வரிதானாம். அந்த வரி இருக்கும்வரை அவர்கள் மன்னிக்கப்பட்டவர்கள். கூலி கேட்டு நின்றவர்கள் என்று எங்கும் இல்லை. இன்னொரு முறை நின்றால், ஒருமுறை மன்னித்தாயிற்று என்று வெளியே அனுப்பலாம்.

செப்டம்பரில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்கிறேன். எனக்கு உடல்நலமில்லை என்று உங்கள் தலைவரிடம் சொன்னது யார்?

உன் தாய்,
யூலாலி ஃபெலீசியன்


பிரிட்ஜ்டவுன்
20 நவம்பர் 1991

அம்மா,

நான்தான்.

அன்றிரவு பெக்வித் இங்கே தொலைபேசியில் பேசியபோது நான் தலைவரின் அறையில் இருந்தேன். போலீசைக் கூப்பிட்டு உங்களை நாற்காலியோடு வெளியே தூக்கிவைக்கச் சொல்லிவிட்டார்கள். அது யாருடைய தாய் என்று அவர்களுக்குத் தெரியாது. "அவர் என் அம்மா. உடல்நலமில்லாதவர். தொட்டால் ஏதாவது ஆகிவிடும்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. போலீஸ் வரவில்லை. நான் சொன்னது மறுநாள் கோப்பில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அதை உண்மையாக்கத்தான் பார்த்தேன்.

இப்போது அதைத் திருத்தினால், தலைவரிடமே பொய் சொன்னவன் ஆவேன். பணியாளர் பிரிவில் அப்படிப்பட்டவனை வைத்திருக்க மாட்டார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது. உங்கள் மருமகள் மூன்று மாதக் கர்ப்பம். உங்களுக்கு நேரில் சொல்லலாம் என்றிருந்தோம்.

டிசம்பர் ஐந்தாம் தேதி கம்பெனியின் பக்கம் உட்கார என்னைத்தான் அனுப்புகிறார்கள். தங்குவது விடுதியில். அப்படித்தான் முறை.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

அம்புரோஸ்


சூஃப்ரியேர்
27 நவம்பர் 1991

அன்புள்ள அம்புரோஸ்,

நான் சுகம். அவளைப் படுக்கவைத்தே வைத்திருக்காதே, நடக்கட்டும். காலையில் வாந்தி என்றால் இஞ்சி கொடு. குழந்தைக்கு என் பெயரை வைக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள்.

அன்றிரவு யாரும் என்மேல் கை வைக்கத் துணியாததற்கு என் வயதும், என் தொப்பியும், நான் உட்கார்ந்திருந்த விதமும் காரணம் என்று இந்த மூன்று மாதமாக நினைத்திருந்தேன். பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். திருத்திக்கொண்டேன். நேற்று வெரீனாவைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னேன்.

"அப்போ உங்க பையனும் அன்னிக்கு நம்ம பக்கம்தான் நின்னிருக்காரு மதாம். அவருக்கே தெரியல" என்றாள்.

அவள் மேலும் ஒன்று சொன்னாள். ஐந்தாம் தேதி மேசையில் தொழிலாளர்கள் பக்கம் மூன்று நாற்காலி. ஒன்று அவளுக்கு, ஒன்று லியோன்டினுக்கு, மூன்றாவது எனக்கு. நான் அங்கே வேலை பார்க்கிறவள் இல்லையே என்றேன். "உட்காரத் தெரிஞ்ச ஆளு வேணும்" என்கிறாள். ஒப்புக்கொண்டேன். எனக்கு நேர் எதிரே நீ உட்கார்ந்திருப்பாய். அந்த முதல் வரியைப் படித்துத்தான் கூட்டத்தைத் தொடங்குவார்களாம். அதை நீ படிக்கும்போது நான் உன் எதிரே நலமாக உட்கார்ந்திருப்பேன்.

போலீஸ் வராமல் தடுத்ததற்கு நன்றி. இதை ஒரு தாயாகச் சொல்கிறேன். அந்த வரியைத் திருத்தினால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். யாரிடம் சொன்னாயோ அவரிடமே எழுதிக் கொடு: ஆகஸ்ட் முப்பதாம் தேதி யூலாலி ஃபெலீசியன் நலமாக இருந்தார், பணியாளர்களின் சம்பளத்துக்காக உட்கார்ந்தார், அவர்களும் அதற்காகவே நின்றார்கள். மூன்று வாக்கியம். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

உன் அறையில் கட்டிலைத் துடைத்து விரிப்பு போட்டிருக்கிறேன். விடுதியில்தான் தங்க வேண்டும் என்றால் தங்கு. ஐந்தாம் தேதி இரவு சீமைப்பலா சுடுகிறேன். நீ திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் உனக்கு ஒரு தட்டு இருக்கும்.

ஆனால் மேசைக்கு வருவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். எழுதிக் கொடுப்பாயா, மாட்டாயா? தொலைபேசியில் சொல்லாதே. கடிதத்தில் பதில் எழுது.

உன் தாய்,
யூலாலி ஃபெலீசியன்